ரீச்சரின் பாட்டு ‘மரபுப் பாடல்’ ஆன கதை

பாமன்கடையில் கால்வாய்க்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழ்வீட்டில் ஒரு மாமி, மகளோடும் பேரனோடும் இருக்கிறார். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். இடம்பெயர்வு, முகாம், உறவினர் வீடு என்று பல இடம் மாறி, மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்த பிறகு இங்கே வந்தவர். ஞாயிறு பூசைக்கு டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் வெள்ளவத்தை வரை நடந்தே போய் வருவார்.

கடந்த தவக்காலத்தில் ஒரு பின்னேரம், பேரன் கைத்தொலைபேசியில் ஒரு கிறிஸ்தவப் பாட்டைப் போட்டு விட்டிருந்தான். கிற்றார், கீபோட் எல்லாம் சேர்த்து, இளம் பிள்ளைகள் நன்றாகப் பாடிய ஒரு யூரியூப் காணொளி. குசினியில் நின்ற மாமி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“தம்பி, இது எங்கட ரீச்சற்ற பாட்டெல்லோ.”

இரண்டாவது சரணத்தை அவரே முந்திப் பாடினார். ஓரிடத்தில் மட்டும் காணொளியோடு அவர் பாடியது பொருந்தவில்லை. ரீச்சர் எழுதியது ‘பங்கர்’ என்ற சொல்லாம். காணொளியில் அந்த இடத்தில் ‘பள்ளத்தாக்கு’ என்று வந்தது. காணொளியின் கீழே இருந்த குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னார். ‘மரபுப் பாடல்’ என்று இருந்தது. அதற்குக் கீழே இசையமைப்பு, ஒலிப்பதிவு, உரிமை என்று வேறு பெயர்கள்.

அந்த ரீச்சர் கோயில் பாடகர் குழாமைப் பழக்கியவர். 2009 இன் தொடக்கத்தில், ஷெல் வீச்சில் இறந்தவர். அவருக்குக் கல்லறை இல்லை. பாட்டைப் பதிந்து வைத்திருந்த ஒரேயொரு கசெற், கடைசி இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்த பெட்டியோடு போய்விட்டது. “அவவின்ர பேர் சொல்ல இந்தப் பாட்டு ஒண்டுதான் மிச்சம். அதிலையும் பேர் இல்லையெண்டால்...” என்று சொல்லி மாமி நிறுத்திக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு இதைப் பற்றி விசாரிக்க விசாரிக்க, இது திருட்டை விடச் சிக்கலான விடயம் என்று விளங்கியது. ஒரு பாட்டு எப்படிப் பெயரோடு நிலைக்கிறது, எப்படிப் பெயரில்லாமல் போகிறது என்பதற்கு ஒரு பொறிமுறை உண்டு. கிறிஸ்தவ இசையில் அந்தப் பொறிமுறையைப் பெரும்பாலும் நடத்துவது சுயாதீன இசைத்தட்டு நிறுவனங்கள். ஆங்கிலத்தில் லேபல் என்பார்கள். நாங்கள் கொம்பனி என்றே சொல்லிப் பழகியவர்கள்.

நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம்

லேபல் என்ற சொல் இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டக் காகிதத்திலிருந்து வந்தது. பாட்டின் பெயர், பாடியவர், இசை, கொம்பனி, ஒரு தொடர் இலக்கம் எல்லாம் அந்தச் சின்னக் காகிதத்தில் இருக்கும். தட்டு எந்த நாட்டுக்குப் போனாலும் காகிதமும் கூடப் போகும். பாட்டின் பிறப்புச் சான்றிதழ் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சான்றிதழை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சந்தைதான் தீர்மானித்தது. எங்கள் வெள்ளவத்தையில் வளர்ந்த ருக்மணி தேவியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1923 இல் நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையில் பிறந்த அவரின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியேல்ஸ். கொழும்புச் செட்டிச் சமூகத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சிறுமியாக அவர் நடித்த முதல் நாடகமே ஒரு நத்தார் நாடகம். ஆனால் 1939 இல் எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து எச்.எம்.வி. நிறுவனத்துக்காக அவர் பாடிய முதல் இசைத்தட்டு, புத்தகயாவைப் போற்றும் சிங்களப் பாடல். பெரிய கொம்பனி ஒன்று பெரும்பான்மையினர் வாங்குவதைத்தான் பதியும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். சிறிய கூட்டத்தின் பாட்டுக்கு வட்டக் காகிதம் ஒட்ட, சிறிய கொம்பனி ஒன்று வேண்டியிருக்கிறது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள்

கொட்டாஞ்சேனையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்தும் நண்பரிடம் மாமியின் விடயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னைத் திருத்தியது. “எந்த உரிமையைக் கேட்கிறாய்? பாட்டின் உரிமையா, பதிவின் உரிமையா?”

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. முதலாவது, சொல்லும் மெட்டும். அது எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது. இரண்டாவது, அந்தப் பாட்டை ஒரு குறித்த நாளில் குறித்த ஆட்கள் பாடி, வாசித்துப் பதிந்த ஒலி. அது பதிவைச் செய்வித்தவருக்கு உரியது. ஒரே பாட்டை நூறு பேர் பதியலாம். அப்போது பதிவு நூறு, பாட்டு ஒன்று.

அந்தப் பிள்ளைகள் தங்கள் பதிவுக்கு உரிமை போட்டதில் பிழையில்லை. காசும் உழைப்பும் அவர்களுடையவை. பாட்டை ‘மரபு’ என்று போட்டதுதான் பிழை. மரபுப் பாடல் என்றால் ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை, எந்தச் சொல்லையும் மாற்றலாம் என்று ஆகிவிடுகிறது. ரீச்சரின் ‘பங்கர்’ அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

ஒரு லேபல் செய்யும் வேலையை நண்பர் இப்படி வரிசைப்படுத்தினார்: பாட்டைத் தெரிவு செய்வது, பதிவுக்குக் காசு போடுவது, எழுதியவரோடும் பாடியவரோடும் எழுத்தில் உடன்படுவது, இலக்கம் கொடுத்துப் பட்டியலில் சேர்ப்பது, கடைக்கோ இணையத்துக்கோ அனுப்புவது, வரும் பணத்தைக் கணக்குப் பார்த்துப் பங்கிடுவது. “இங்கே நத்தாருக்கு முன்னம் கோயில் குழுக்கள் வரிசையாக வருவார்கள். பதிவார்கள், பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போவார்கள். நடுவில் இருக்கிற கடதாசி வேலையை ஒருவரும் செய்வதில்லை. நானும் கேட்பதில்லை,” என்றார்.

வெளிநாடுகளில் நடந்த நான்கு வழிகள்

கிறிஸ்தவ லேபல்கள் பெருகியது அமெரிக்காவில்தான். அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையல்ல. எமக்குப் பாடமாகக்கூடிய நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, வியாபார வழி. 1951 இல் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் ஜரல் மக்ராக்கன் என்ற இளைஞர் வேர்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு ஒரு பாட்டுக்கூட அல்ல. கிறிஸ்தவ வாழ்வை உதைபந்தாட்ட நேர்முக வர்ணனை போலச் சொல்லும் ஒரு பேச்சு. அது விற்க, நிறுவனம் வளர்ந்தது. 1974 இல் ஏ.பி.சி. என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. 1976 இல் பில்லி ரே ஹேர்ன் தொடங்கிய ஸ்பாரோ என்ற லேபலும் 1992 இல் ஈ.எம்.ஐ. கைக்குப் போனது. வளர்ந்ததும் விற்கப்படுவது இந்த வழியின் இயல்பு. விற்கப்படும்போது பாட்டுகளின் உரிமைப் பட்டியலும் சேர்ந்தே கைமாறும்.

இரண்டாவது, சபை வழி. கலிபோர்னியாவில் கல்வாரி சப்பல் என்ற சபைக்கு 1960களின் கடைசியில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் கிற்றாரோடு தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். அந்தப் பாட்டுகளைப் பதிய 1971 இல் சபையே மரனாதா என்ற லேபலைத் தொடங்கியது. வெளியே போய்க் கொம்பனியைத் தேடாமல், தன் பிள்ளைகளின் பாட்டைத் தானே பதிந்த சபை அது.

மூன்றாவது, கொடுக்கும் வழி. கீத் கிறீன் என்ற பாடகர் ஸ்பாரோவில் பாடிப் பெயர் பெற்றவர். நற்செய்தியை விலை போட்டு விற்பது அவர் மனதுக்குச் சரிவரவில்லை. ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்டார். நிறுவனமும் விட்டது. வீட்டை ஈடு வைத்துத் தன் அடுத்த தொகுப்பைப் பதிந்து 1980 இல் வெளியிட்டார். உங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அனுப்புங்கள், முடியாவிட்டால் சும்மா வாங்குங்கள் என்றார். 1982 மே மாதத்துக்குள் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் போயின. அவற்றில் 61,000 இலவசம். அதே ஆண்டு யூலை 28 இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பாட்டை இலவசமாகக் கொடுத்தார். தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிடவில்லை. எங்கள் கோயில்களில், காசு கேட்காமல் விடுவதையும் பெயர் போடாமல் விடுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

நான்காவது, சந்தா வழி. அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் 1980களின் நடுவில் தொடங்கிய ஓசன்னா மியூசிக், ஆராதனைப் பாட்டுகளைக் கசெற்றில் பதிந்து சந்தாதாரருக்குத் தபாலில் அனுப்பியது. வானொலியும் வேண்டாம், கடையும் வேண்டாம், தபால்காரர் போதும் என்பது அதன் கணக்கு. இந்த நிறுவனத்தின் வரலாற்றில்தான் எங்கள் ரீச்சரின் கதைக்கு மிக நெருங்கிய ஒரு கதை இருக்கிறது.

‘ஆசிரியர் தெரியாது’

1978 இல் வேர்ஜீனியா மாநிலத்தில் ஹென்றி ஸ்மித் என்ற இளைஞர் ஒரு பாட்டு எழுதினார். குருத்துவப் படிப்பை முடித்திருந்தும் சரியான வேலை கிடைக்கவில்லை. கண் பார்வையும் மெல்ல மங்கிக்கொண்டு போனது. அந்த நிலையில், நன்றி சொல்லும் பாட்டொன்றை எழுதித் தன் சபையில் பாடினார். அச்சில் வரவில்லை. பதியவுமில்லை.

அந்தச் சபைக்கு வந்துபோன, இராணுவத்தில் இருந்த ஒரு தம்பதியினர் ஜேர்மனிக்கு மாற்றலாகிப் போனபோது பாட்டையும் கொண்டுபோனார்கள். அங்கே அது வாய்க்கு வாய் பரவியது. 1986 இல் ஓசன்னா மியூசிக் அந்தப் பாட்டைப் பதிந்தது. பாடியவர் டொன் மோயன். தொகுப்புக்கே அந்தப் பாட்டின் பெயர்தான்: ‘கிவ் தாங்க்ஸ்’. எழுதியவர் பெயருக்கு நேரே ‘ஆசிரியர் தெரியாது’ என்று போட்டார்கள். உலகம் முழுக்க அந்தப் பாட்டுப் போனது.

பாட்டு ஒலிநாடாவில் வந்திருக்கிறது என்று ஸ்மித்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. நிறுவனத்தோடு தொடர்புகொண்டார். நிறுவனம் ஒப்புக்கொண்டு அவரோடு உடன்படிக்கை செய்தது. அதன் பிறகு அந்தப் பாட்டு அவர் பெயரோடுதான் போகிறது.

இடம் மாறும் மனிதரோடு பாட்டும் இடம் மாறும். பாட்டு நிலைக்கும், பெயர் உதிரும். அமெரிக்கனுக்கும் இதுதான் நடந்தது, எங்கள் ரீச்சருக்கும் இதுதான் நடந்தது. ஆனால் இரண்டு வித்தியாசங்கள். ஸ்மித் உயிரோடு இருந்தார், வந்து இது என் பாட்டு என்று சொன்னார். அவர் சொன்னபோது அதைக் கேட்டுத் திருத்தி எழுத, பதிவேடு வைத்திருந்த ஒரு நிறுவனம் இருந்தது.

எமக்கு ஏன் இல்லாமல் போனது?

எமக்கு இந்த மரபே இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதிய கீர்த்தனைகள் இன்றைக்கும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பாடப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் கடைசிச் சரணத்தில் அவர் தன் பெயரையே வைத்துப் பாடியிருப்பார். முத்திரை என்று சொல்வார்கள். பாட்டைப் பாடுகிறவன் பெயரையும் சேர்த்தே பாடியாக வேண்டும். யாரும் உரித்தெடுக்க முடியாத லேபல் அது. பிறகு அச்சு வந்தது. கீர்த்தனைப் புத்தகங்கள் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் குறித்து வைத்தன.

அண்மைக் காலத்தில், தமிழ்நாட்டின் அருட்தந்தை பெர்க்மான்ஸ் தன் பாட்டுகளை ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ என்ற ஒரே தலைப்பில், தொகுதி இலக்கம் போட்டு, கசெற்றாகவும் பாட்டுப் புத்தகமாகவும் வெளியிட்டார். வெள்ளவத்தையிலும் வவுனியாவிலும் இலண்டனிலும் பாடுகிறவர்களுக்கு அது யாருடைய பாட்டு என்று தெரியும். பாட்டு, இலக்கம், பெயர், புத்தகம் என்று நான்கையும் கூட்டிக் கட்டியதன் பலன் இது. யாழ்ப்பாணத்தில் அருட்தந்தை நீ. மரியசேவியர் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போருக்கு நடுவிலும் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றி, 1990 இலிருந்து ‘கலைமுகம்’ சஞ்சிகையையும் நடத்தி, கிறிஸ்தவக் கலையை ஆவணமாக்குவது முடியாத காரியமல்ல என்று காட்டியது.

ஆனால் பங்குகளில் எழுதப்பட்ட சின்னச் சின்னப் பாட்டுகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. ஒலிப்பதிவுக் கூடங்கள் கொழும்பில் இருந்தன, பாட்டு எழுதியவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தார்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம், எந்த மின்சாரத்தில் பாட்டுப் பதிவது? 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடினார்கள். பதிந்தவையும் ஒரு பிரதி, இரண்டு பிரதி. 1995 இல் வலிகாமத்தை விட்டு வந்தபோதும், 2009 இல் வன்னியை விட்டு வந்தபோதும் பெட்டியில் கசெற்றை எடுத்து வைக்க யாருக்கு நேரம் இருந்தது? யாழ். நூலகம் எரிந்ததை நாங்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், அது சரியானதே. கோயில் அலுமாரிகளில் இருந்த கொப்பிகள் போனதற்குக் கணக்கே எடுக்கவில்லை.

இன்னொரு காரணம் எங்களுடையது. தேவனுக்காகப் பாடுவதில் பெயர் எதற்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். எழுதியவர் தாழ்மையாக அப்படிச் சொல்லலாம். மற்றவர்கள் அவருக்காக அதைச் சொல்லக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். சாதாரண ஆட்கள் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, பதிப்புரிமைக்கு எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறக்கிறது. பங்கருக்குள் இருந்து கொப்பியில் எழுதினாலும் சரி.

இரண்டு, பொருளாதார உரிமை எழுதியவரின் வாழ்நாளுக்கும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளுக்கும் இருக்கும். ரீச்சர் இறந்தது 2009 இல். அவர் பாட்டு 2079 வரை அவர் வாரிசுகளுடையது. அது ‘மரபு’ ஆவதற்கு இன்னும் காலம் கிடக்கிறது.

மூன்று, காசோடு சம்பந்தமில்லாத இன்னொரு உரிமை இருக்கிறது. தார்மீக உரிமை என்பார்கள். தன் படைப்பில் தன் பெயர் குறிக்கப்பட வேண்டும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை அது. உயிரோடு இருக்கும்வரை அதை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. இறந்த பின் வாரிசுகளிடம் போகும். ஒரு சதமும் வேண்டாம், பெயர் மட்டும் போடு என்று கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் சட்டத்தில் உரிமை இருந்தால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். அங்கேதான் பதிவேடு வருகிறது.

இன்றைய வட்டக் காகிதம்

இன்றைக்கு வட்டக் காகிதத்தின் இடத்தில் தரவு இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து, எண் கொண்ட குறியீடு உண்டு. இணைய விநியோக நிறுவனம் ஒன்றின் ஊடாகப் பாட்டை அனுப்பும்போது அது கிடைக்கும். அதே படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதுவதுதான் உலகம் முழுக்கப் போகும். ‘மரபு’ என்று எழுதினால் மரபு. பெயர் எழுதினால் பெயர். 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கும் வந்த பிறகு, பங்குப் பிள்ளைகளும் இந்தப் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. யூரியூப்பில் 2007 இலிருந்து உரிமை அடையாளம் காணும் ஒரு தானியங்கி முறை இயங்குகிறது. ஒருவர் தன் பதிவை அதில் மாதிரியாகச் சேர்த்துவிட்டால், அதே ஒலி வேறெங்கு வந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். யார் எழுதினார்கள் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. யார் முதலில் பதிந்தார்கள் என்றுதான் தெரியும். எதிர்த்து முறையிடும்வரை முந்தியவன் சொல்தான் நிற்கும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒன்று. 1988 இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.சி.எல்.ஐ. என்ற அமைப்பு, பிரித்தானியா, கனடா உட்படப் பல நாடுகளில் சபைகளிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கி, பாடப்படும் பாட்டுகளின் உரிமையாளருக்குப் பங்கிடுகிறது. உங்கள் சபையும் அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அங்கே பாடும் ஊர்ப் பாட்டு அதன் பட்டியலில் இல்லையென்றால், அதை எழுதியவருக்கு எதுவும் போய்ச் சேராது.

ஒரு பங்கு செய்யக்கூடியது

லேபல் என்றவுடன் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். அதன் பாதி வேலை ஒரு பதிவேடுதான். ஒரு பாடகர் குழாம் இந்த மாதமே தொடங்கலாம்.

பெரிய கொப்பி ஒன்றை வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். முதல் வரி, எழுதியவர், மெட்டமைத்தவர், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் சொல்லித் தெரியும் என்று எழுதுங்கள். வயதானவர்களைப் பாடவைத்துக் கைத்தொலைபேசியிலேயே பதியுங்கள். பதிவின் தொடக்கத்தில் திகதியையும் பாட்டின் கதையையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பழைய கொப்பிகளைப் படம் எடுங்கள். மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று நாட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஏனென்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

புதிய பாட்டைப் பதியும்போது, எழுதியவர், பாடியவர், பதிபவர் மூவரும் ஒரு பக்கக் கடதாசியில் ஒப்பமிடுங்கள். காசு வந்தால் எப்படிப் பங்கு என்பதையும், வராவிட்டாலும் பெயர் எப்படி வரும் என்பதையும் எழுதுங்கள். ஆசிரியர் உண்மையிலேயே தெரியாவிட்டால் ‘மரபு’ என்று போடாதீர்கள். ‘ஆசிரியரைத் தேடுகிறோம்’ என்று போடுங்கள். முதல் சொல் கதவை மூடும், இரண்டாவது திறந்து வைக்கும்.

பிறகு நடந்தது

மாமியும் நானும் ரீச்சரின் பாடகர் குழாமில் இருந்தவர்களைத் தேடினோம். சிலர் இல்லை. ஒருவர் கனடாவில் இருந்தார். அவரிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. முகாமுக்குள் வரும்போது உடுப்போடு உடுப்பாகக் கொண்டுவந்ததாம். அந்தப் பாட்டு, ரீச்சரின் கையெழுத்தில், 2008 டிசெம்பர் என்ற குறிப்போடு அதில் இருந்தது. வட்ஸ்அப்பில் படம் வந்தபோது மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது அவவின்ர ‘ழ’ தான்,” என்றார்.

காணொளியைப் போட்ட பிள்ளைகளுக்கு அந்தப் படத்தோடு எழுதினோம். சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ஒரு ஒன்றுகூடலில் கேட்டுப் பழகிய பாட்டு, யாரும் பெயர் சொல்லவில்லை, அதனால் மரபு என்று போட்டோம், மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சொல்லையும் அவர்கள் மாற்றவில்லையாம். அவர்கள் காதுக்கு வரும்போதே அது ‘பள்ளத்தாக்கு’ ஆகியிருந்தது. வழியில் யாரோ ஒருவருக்கு ‘பங்கர்’ கோயிலில் பாடக் கூடாத சொல்லாகத் தோன்றியிருக்கிறது.

இப்போது காணொளியின் கீழே ரீச்சரின் பெயரும் ஊரும் ஆண்டும் இருக்கின்றன. பதிவு பழைய பதிவுதான். அதில் இன்னும் ‘பள்ளத்தாக்கு’ என்றே வருகிறது. திரும்பப் பதியக் காசு சேர்க்கிறோம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை, பேரன் பாட்டைப் போடும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் மாமி குசினிக்குள் இருந்து குரலை உயர்த்திச் சரியான சொல்லைப் பாடுகிறார்.